மடக்கு மேடமும் மடங்காத வண்டியும்

விமான நிலையத்தின் கடைசி வாசலில், கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம், மார்பளவு மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு அவள் இருபது வருஷங்களுக்கு மேலாக ஒரே வார்த்தையைச் சொல்லி வந்தாள்: "மடக்குங்க."

வணக்கமெல்லாம் அதற்கு அப்புறம்தான். கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வரிசையின் வால்பக்கம் வந்து சேரும்போதே அவள் பார்வை மனிதர்களை விட்டுவிட்டுக் குழந்தை வண்டியின் சக்கரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அம்மாக்களின் முகம் அவளுக்கு ஞாபகம் இருக்காது. ஸ்ட்ரோலர்களின் முகம் மறக்காது. "அந்த நீலக் குடை வெச்ச வண்டி போன வருஷமும் வந்துச்சே, இப்ப பிரேக்கெல்லாம் தேஞ்சு இளைச்சுப் போச்சு பாவம்" என்று சொந்தக்காரரை விசாரிப்பதுபோல் சொல்வாள். கூட வேலை செய்தவர்கள் அவளுக்கு மடக்கு மேடம் என்று பேர் வைத்தார்கள். சம்பளச் சீட்டில் வேறொரு பேர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே வழிவிட்டு ஒதுங்கி நிற்பாள்.

சட்டம் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. குழந்தைக்கு ஒரு வண்டி, காசில்லாமல். மடக்கினால் தலைக்கு மேலிருக்கும் பெட்டியில் அடங்குகிற பொடி வண்டியாக இருந்தால் உள்ளேயே கொண்டுபோகலாம். அடங்காத வண்டி வாசல்வரைதான். அங்கே கூடையிலிருக்கும் சாமானையெல்லாம் எடுத்துவிட்டு, மடக்கி, சீட்டுக் கட்டி ஒப்படைத்தால், சாமான் ஆட்கள் அதை விமானத்தின் வயிற்றில் போடுவார்கள். இறங்கும் ஊரில் விமானக் கதவருகே கொண்டுவந்து வைப்பார்கள். குழந்தை இல்லாமல் வருகிற வண்டி வண்டியே அல்ல, வெறும் சாமான், அதற்குக் காசு. இத்தனையையும் அவள் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பாள். தூக்கத்தில்கூடச் சொல்வாள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லக் கேள்வி.

இன்னொரு சட்டமும் உண்டு. அது பயணிகளுக்குத் தெரியாது. மடக்கி ஒப்படைக்கும்வரை ஊழியர் யாரும் வண்டியில் கை வைக்கக் கூடாது. கை வைத்து ஒரு திருகாணி கழன்றுவிட்டால், கம்பெனி புது வண்டி வாங்கித் தர வேண்டியிருக்கும். ஆகவே மேடம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, புருவத்தாலேயே வேலை வாங்கினாள். இடது புருவம் உயர்ந்தால் 'பட்டனை அமுக்கு'. வலதும் சேர்ந்து உயர்ந்தால் 'இன்னுமா?'.

அந்த வாசலில் அவள் பார்க்காத அதிசயம் இல்லை. ஒரு குடும்பம் வந்தது. குழந்தை அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி நடந்துவர, வண்டியில் கழுத்துவரை போர்வை போர்த்திக்கொண்டு ஒரு தையல் மெஷின் ஒய்யாரமாகப் படுத்திருந்தது. இரட்டைக் குழந்தைகளுக்கான மாடி வண்டி ஒன்று வந்தது. கீழ்த்தளத்தில் குழந்தைகள், மேல்தளத்தில் அவர்களுடைய தாத்தா என்று மேடம் சத்தியம் பண்ணுவாள். அவசரக்காரர் ஒருவர் மடக்கிய வேகத்தில் தன் கழுத்துப் பட்டையையும் சேர்த்து மடக்கிவிட்டார். வண்டியைப் பிரிக்கவும் முடியாமல் பட்டையைக் கழற்றவும் தெரியாமல், வண்டிக்கு மரியாதை செய்கிறவர்போல் குனிந்தபடியே விமானம்வரை நடந்தார். அந்தக் கதையை மேடம் சொல்லும்போதெல்லாம் அந்த நடைபாதை கொஞ்சம் நீளமாகிக்கொண்டே போகும்.

பக்கத்து மேசைக்காரர் இவளுக்கு நேர் எதிர். அவரை எல்லாரும் நிதானம் என்று கூப்பிட்டார்கள். பெருத்த உடம்பு, சின்னக் குரல். யாராவது குழந்தையை இடுக்கிக்கொண்டு வண்டியோடு மல்லுக்கட்டினால், மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து இரண்டு கையையும் நீட்டுவார்: "குழந்தைய இப்படிக் குடுங்க." வண்டியைத் தொடக் கூடாது என்றுதான் சட்டம், குழந்தையைத் தொடக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. அதனால் அவருடைய சட்டைத் தோளில் எப்போதும் எந்தக் குழந்தையின் எச்சிலாவது காய்ந்துகொண்டிருக்கும்.

"நிதானம், இது விமான வாசலா, தொட்டில் கடையா?" என்பாள் மேடம்.

"கடைன்னா காசு வாங்கணும் மேடம். நான் சும்மாதானே தூக்கறேன்."

"மடக்கத் தெரியாதவங்க எதுக்கு வாங்கணும்?"

"தெரியாம இல்ல மேடம், அவங்களுக்கு..." என்று அவர் ஆரம்பிப்பார். அவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் ஒரு விமானம் கிளம்பிவிடும். மேடம் அதற்குள் அடுத்த வண்டிக்குப் போயிருப்பாள்.

அவள் தனிக்கட்டை. கல்யாணம் வேண்டாம் என்று எப்போதோ முடிவெடுத்து, அதை யாரும் திருப்பிக் கேட்காதபடி பார்த்துக்கொண்டவள். இரண்டு அறை வீடு, ஒரு ஜன்னல் செடி, அளவெடுத்து வைத்ததுபோன்ற சாமான்கள். செருப்புகூட ஒன்றையொன்று இடிக்காமல் நிற்கும்.

அந்த வீட்டுக்குள் மிளகு வந்தாள்.

மிளகு அவளுடைய தம்பி மகள். இரண்டு வயசுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி. சின்ன உருவம், பெரிய காரம். அதனால் அந்தப் பேர். தம்பிக்கும் அவன் மனைவிக்கும் தூரதேசத்தில் வேலை கிடைத்தது. வீடு பார்த்து, ஒழுங்குபடுத்தும்வரை குழந்தையை அத்தையிடம் விட்டுவிட்டுப் போனார்கள். கூடவே அவளுடைய ஸ்ட்ரோலரையும். மூன்று சக்கரம், ஜீப்புக்குப் போடுவதுபோல் டயர், மேலே கூடாரம், கீழே கூடை. கூடத்தில் நிறுத்தியபோது சோபா தானாகவே சுவரோரம் ஒதுங்கிக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு வாரத்தில் செருப்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. ஜன்னல் செடிக்குப் பால் ஊற்றப்பட்டது. மேடத்தின் மஞ்சள் சால்வையின் ஒரு முனையை மோந்துகொண்டுதான் மிளகு தூங்குவாள். மறுமுனை மேடத்தின் தோளில் இருக்கும். ஆகவே குழந்தை எழும்வரை மேடம் வண்டியின் பக்கத்திலேயே கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்திருப்பாள். வேலைக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மா பார்த்துக்கொண்டாள். முன்பெல்லாம் வேலை முடிந்தும் வாசலிலேயே நின்று யாரையாவது திட்டிக்கொண்டிருக்கும் மேடம், இப்போது மணி அடித்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஓடினாள். நிதானம் அதைப் பார்த்தார். சொல்ல ஆரம்பித்திருப்பார், முடிவதற்குள் அவள் போயிருப்பாள்.

இரண்டு மாசம் கழித்துத் தம்பி மனைவி போன் செய்தாள்.

"அண்ணி, வீடு கிடைச்சிருச்சு. நானே லீவு போட்டுட்டு வந்து அவள கூட்டிட்டுப் போயிடறேன். உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

"சிரமமா? எனக்கா? ஏம்மா, ஊர்ல இருக்கற குழந்தைங்க எல்லாம் என் வாசல் வழியாத்தான் பறக்குதுங்க."

"அனுப்பி வெக்கறது வேற, கூடப் பறக்கறது வேற அண்ணி."

மேடத்துக்குச் சுருக்கென்றது. அதற்குள் தம்பி போனை வாங்கிக்கொண்டான்.

"அக்கா, நீயே கூட்டிட்டு வா. புது வேலையில அவ லீவு கேட்டா மூஞ்சிய தூக்குவாங்க. ஆனா..."

"என்னடா ஆனா?"

"நீ நல்லபடியா கொண்டுவந்து சேர்த்துட்டா, இனிமே லீவுக்கு லீவு மிளக உன்கிட்டயே விடலாம்ங்கறா. கொஞ்சம் அப்படி இப்படி ஆச்சுன்னா, இங்கயே காப்பகத்துல சேர்த்துடலாம்ங்கறா."

"அப்படி இப்படின்னா?"

"எதையாவது விட்டுட்டு வர்றது, அழ அழக் கொண்டுவர்றது... அப்புறம் அந்த வண்டி. அது கண்டிப்பா வந்தாகணுமாம். அதுல படுத்தாத்தானே அவ தூங்குவா."

"டேய், வண்டியப் பத்தி யார்கிட்ட பேசற?" என்று மேடம் போனை வைத்தாள். கூடத்தில் மிளகு அவளுடைய வேலைத் தொப்பியைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு, செடியைப் பார்த்து "மக்கு! மக்கு!" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். அத்தை தினமும் தூக்கத்தில் சொல்லும் 'மடக்கு' அவள் வாயில் அப்படித்தான் வந்தது.

அப்புறம் என்ன, தயாரிப்புகள் ஆரம்பமாயின. மாற்று உடை, அதற்கு மாற்று உடை, அந்த மாற்று உடை நனைந்தால் இன்னொன்று. காது அடைத்தால் குடிக்கப் பால்புட்டி. வண்டியை நீளம் அகலம் அளந்தாள். குளியலறைத் தராசில் ஏற்றி எடை பார்த்தாள். கூடையைக் காலி பண்ணினாள். சக்கரத்தைப் பல் தேய்க்கும் பிரஷ் வைத்துத் தேய்த்தாள். மடக்கிப் பார்க்க மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை. அது பயணிகள் செய்கிற வேலை அல்லவா!

கிளம்புகிற அன்று, சாமான் பகுதி ஓட்டுநர் ஒருவர் தன் பெரிய வேனைக் கொண்டுவந்து வண்டியை அப்படியே ஏற்றிக்கொண்டார். சோதனை இடத்தில், "அட, நம்ம மேடம்!" என்று வண்டியைத் துணியால் துடைத்துச் சோதித்து, மடக்கச் சொல்லாமல் அப்படியே அனுப்பிவிட்டார்கள். இத்தனை பேர் உதவி செய்துதான் அவளைக் கவிழ்த்தார்கள்.

வாசலில் மேசைக்குப் பின்னால் நிதானம். வரிசை நீளமாக இருந்தது. மேடம் மிளகை இடது இடுப்பில் தூக்கிக்கொண்டு, தோளில் சால்வை காற்றில் பறக்க, வலது கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு ராஜநடை நடந்து வந்து நின்றாள்.

"வணக்கம் மேடம்" என்றார் நிதானம். பிறகு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்: "மடக்குங்க."

அந்த வார்த்தையை அவள் வாழ்க்கையில் முதல்முறையாக மறுபக்கத்திலிருந்து கேட்டாள். அது அவ்வளவு இனிமையாக இல்லை.

வலது கையால் கைப்பிடியிலிருந்த பட்டனை அமுக்கினாள். வண்டி அசையவில்லை. பக்கவாட்டுக் கொக்கியை இழுத்தாள். கூடாரம் மட்டும் படாரென்று மூடி, திறந்து, மூடியது. கீழே ஒரு மிதி இருந்தது; மிதித்தாள். வண்டி மடங்குவதற்குப் பதிலாகப் பின்னால் உருண்டு, வரிசையில் நின்றவரின் பெட்டியை இடித்தது.

"அந்தச் சிவப்புப் பட்டனம்மா" என்றார் பெட்டிக்காரர்.

"இல்லைங்க, ரெண்டையும் சேர்த்து அமுக்கணும்" என்றாள் ஒரு கண்ணாடி போட்ட அம்மா.

"எங்க வண்டியில கால வெச்சு ஒரு உதை விட்டாப் போதும்" என்றான் ஒரு இளைஞன். அவனுக்குக் குழந்தையே இல்லை என்பது பிற்பாடு தெரிந்தது.

"மக்கு! மக்கு!" என்று இடுப்பிலிருந்து மிளகு கை தட்டினாள். வரிசை வாய்விட்டுச் சிரித்தது. மேடத்தின் காது இரண்டும் சிவந்தன. ஒலிபெருக்கியில் கடைசி அழைப்பு வேறு. வண்டியை விட்டுவிட்டு ஏறிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். 'எதையாவது விட்டுட்டு வர்றது' என்று தம்பி சொன்னது காதில் விழுந்தது. கூடவே, அளவெடுத்து வைத்த சாமான்களோடு அந்த இரண்டு அறை வீடு கண்முன் வந்தது. நடுக்கூடத்தில் எவ்வளவு இடம்!

"நிதானம்," என்றாள், குரலைத் தாழ்த்தி. "கொஞ்சம் கை குடுங்களேன்."

"வண்டியில கை வெக்கக் கூடாது மேடம். நீங்களே எனக்குச் சொல்லியிருக்கீங்க." அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். இரண்டு கையையும் நீட்டினார். "குழந்தைய இப்படிக் குடுங்க."

மேடம் கொடுத்தாள். மிளகு அவருடைய தோளில் போய், காய்ந்துபோயிருந்த பழைய எச்சிலுக்குப் பக்கத்தில் புது எச்சில் வைத்தாள்.

இரண்டு கையும் காலியானபோதுதான் மேடத்துக்கு விளங்கியது. பட்டன் ஒரு பக்கம், கொக்கி இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் இழுத்துக்கொண்டு மிதியை மிதித்தால்தான் மடங்கும்.

"அன்னிக்குச் சொல்ல வந்தேன் மேடம்" என்றார் நிதானம், குழந்தையை ஆட்டிக்கொண்டே. "தெரியாம இல்ல. அவங்களுக்கு ஒரு கைதான் இருக்கும்."

வருஷக்கணக்கில் பாதியில் நின்ற வாக்கியம் அன்றைக்குத்தான் முடிந்தது.

மேடம் பட்டனை அமுக்கி, கொக்கியை இழுத்து, வருஷக்கணக்கில் எத்தனை பேரைப் புருவத்தால் குத்தினாளோ அத்தனை பேரின் கோபத்தையும் காலில் சேர்த்து ஒரு மிதி மிதித்தாள். வண்டி முதலை வாயை மூடுவதுபோல் படக்கென்று மடங்கியது. மடங்கும்போது அவளுடைய மஞ்சள் சால்வையின் முனையைக் கவ்விக்கொண்டது.

இழுத்தாள், வரவில்லை. திறக்கப் பார்த்தாள், திறக்கவில்லை. கழுத்துப் பட்டைக்காரர் ஞாபகம் வந்தது. அவரைப் பற்றி அவள் சொன்ன எல்லாக் கதையிலும் அவர் குனிந்தபடி நடந்த தூரத்தை மனசுக்குள் குறைத்துக்கொண்டாள். பிறகு சால்வையைத் தோளிலிருந்து கழற்றி வண்டியோடு சுற்றி விட்டாள். நிதானம் சீட்டுக் கட்டினார்.

"ஒரு வண்டி, ஒரு சால்வை" என்றார். "சால்வைக்குச் சட்டம் ஏதும் இல்ல மேடம். விட்டுடறேன்."

விமானத்தில் மிளகு அழவில்லை. மடியில் நின்றுகொண்டு முன் சீட்டுக்காரரின் வழுக்கையில் தாளம் போட்டாள். அவர் திரும்பிப் பார்த்தார். அவள் தாளத்தை மாற்றினாள். ஆனால் தூங்கவில்லை. சால்வை விமானத்தின் வயிற்றில் அல்லவா இருந்தது! இறங்கும்போது கண் இரண்டும் சிவந்து, எந்த நிமிஷமும் வெடிப்பேன் என்ற முகத்தோடு இருந்தாள். இங்கிருந்து கதவு, கதவுக்கு அப்பால் தம்பி மனைவி. நடுவில் அழுகை வந்தால் தீர்ந்தது.

விமானக் கதவருகே வண்டி வந்திருந்தது, சொன்னபடி. பக்கத்தில் ஒரு பெண் ஊழியர், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. புருவம் தயாராக இருந்தது. மேடம் மறுபடியும் ஒரு கைக்காரியாக நின்றாள்.

மிளகுதான் முதலில் பார்த்தாள். வண்டியின் இடுக்கிலிருந்து மஞ்சள் முனை எட்டிப் பார்த்தது. "ச்சாவை!" என்று கீழே வழுக்கி இறங்கி, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக உட்கார்ந்தபடி ஒரு இழுப்பு இழுத்தாள். கொக்கியை இறுக்கிக்கொண்டிருந்தது அந்தத் துணிதான் போலிருக்கிறது. சால்வை கிழிந்துகொண்டு வெளியே வர, வண்டி துள்ளி விரிந்து, மூன்று சக்கரத்திலும் நின்றது. பெண் ஊழியரின் புருவம் இறங்க மறந்து மேலேயே நின்றுவிட்டது.

வண்டி திறந்தாயிற்று. ஆனால் ஏற மாட்டேன் என்றாள் மிளகு. தான் திறந்த வண்டியைத் தானே தள்ளுவேன் என்று பிடிவாதம். அழுகை வேண்டுமா, அல்லது இதுவா? மேடம் யோசிக்கவே இல்லை. மிளகு அத்தையின் கைப்பையை வாங்கி வண்டியில் படுக்க வைத்தாள், கிழிந்த சால்வையைக் கழுத்துவரை போர்த்தினாள், தட்டிக் கொடுத்தாள். தள்ளினாள்.

அப்படித்தான் வெளியே வந்தார்கள். குழந்தை தள்ளாடி நடக்க, வண்டியில் ஒரு கைப்பை ஒய்யாரமாகப் படுத்திருக்க. தையல் மெஷின் குடும்பத்திடம் மேடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டாள்.

தம்பி மனைவி ஓடிவந்து குழந்தையை அள்ளிக்கொண்டாள். முத்தமெல்லாம் முடிந்தபிறகு வண்டியைப் பார்த்தாள்.

"அண்ணி, வண்டி குழந்தைக்குன்னு சொன்னேன். கைப்பைக்கா?"

"அவதான் தூங்க வெச்சா. எழுப்பிடாதே."

தம்பி மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு மகளை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு காலில் சாக்ஸ் இல்லை. கன்னத்தில் பிஸ்கட். ஆனால் குழந்தை கொக்கரித்துச் சிரித்தது. மேடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு தீர்ப்புக்குக் காத்திருந்தாள்.

கார் நிறுத்துமிடத்தில் தம்பி ஒரு குட்டிக் காரின் பின்கதவைத் திறந்தான். அதைப் பார்த்தால் காரையே மடக்கி வண்டிக்குள் வைத்துவிடலாம்போல் இருந்தது.

"அக்கா, நீதான் மடக்கணும்" என்றான்.

"ஏன், உங்களுக்கென்ன?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்களுக்கு மடக்கவே வராது அண்ணி" என்றாள் அவள், அசடு வழிய. "வாங்கினதுலேர்ந்து மடக்கினதே இல்ல. பழைய கார்ல அப்படியே தூக்கிப் போட்டுப்போம். உங்க வாசல் வழியா அத எடுத்துட்டு வர்றதுக்குப் பயந்துதான் உங்ககிட்டயே விட்டுட்டு வந்தோம். நீங்க கொண்டுவந்தா, பார்த்துக் கத்துக்கலாம்னு..."

மேடம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இடது புருவம் உயர்ந்தது. அப்புறம், பாதி வழியில், என்ன நினைத்ததோ, இறங்கிவிட்டது. அவள் இரண்டு கையையும் நீட்டினாள்.

"குழந்தைய இப்படிக் குடு. நீ மடக்கு."

தம்பி மனைவி முக்கினாள், முனகினாள், நகத்தை உடைத்துக்கொண்டாள். தம்பி நடுவில் புகுந்து யோசனை சொல்லித் திட்டு வாங்கினான். மேடம் சொல்லிக்கொடுத்தாள்: பட்டன் இங்கே, கொக்கி அங்கே, மிதி கீழே. மிளகு அத்தையின் தோளில் சால்வை முனையை மூக்கில் வைத்துக்கொண்டு, அத்தனை சத்தத்திலும் தூங்கிப்போனாள். வண்டியில்லாமல்.

தம்பி மனைவி நிமிர்ந்து அதைப் பார்த்தாள். வேர்வையைத் துடைத்துக்கொண்டாள். வண்டியை ஒரு உதை உதைத்தாள். குழந்தை இல்லாத அந்த இளைஞன் சொன்னது சரிதான், அது படக்கென்று மடங்கியது.

"அண்ணி, திரும்பிப் போறப்போ இந்தச் சனியன நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க" என்றாள். "லீவுக்கு அங்க வர்றப்போ அவளுக்கு ஒண்ணு வேணுமில்ல."

மேடம் தலையை மட்டும் ஆட்டினாள். தோளில் குழந்தை தூங்கியது, பேசினால் எழுந்துவிடும் என்பது காரணம். வேறு காரணமும் இருந்திருக்கலாம்.

ஒரு வாரம் கழித்து, திரும்பும் விமானத்தின் வாசலில், கிழிந்த மஞ்சள் சால்வையோடு ஒரு அம்மாள் பெரிய மூன்று சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். மேசைக்குப் பின்னாலிருந்த பெண் வாயைத் திறப்பதற்குள், இரண்டு கையும் காலியாக இருந்த அந்த அம்மாள் அதை ஒரே வீச்சில் மடக்கி நிறுத்தினாள்.

பெண் வண்டியைப் பார்த்தாள், அம்மாளின் இடுப்பைப் பார்த்தாள், அவளுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தாள்.

"குழந்தை எங்கம்மா? குழந்தை இல்லேன்னா இது வெறும் சாமான். காசு கட்டணும்."

"கட்டறேன், கட்டறேன்" என்று மேடம் சந்தோஷமாகப் பையைத் திறந்தாள். "குழந்தை லீவுக்கு வருது."